பதினாலாவது கோரிக்கை

இந்தப் பையக் கொஞ்சம் உங்க காலுக்குப் பக்கத்துல தள்ளிக்கிறேன் தம்பி, தப்பா நெனைக்காதீங்க. மேல வச்சா யாரு தலையிலயாவது விழுந்துரும்னு கண்டக்டர் சத்தம் போடுறாரு. ஆமா, கனம்தான். மதுரைக்குப் போயிட்டு சாயங்காலமே திரும்புற மனுசனுக்கு இவ்வளவு பெரிய பை எதுக்குன்னு நீங்க பாக்குறது தெரியுது. எல்லாம் வீட்டம்மா கட்டிக் குடுத்தது. அதக் கடைசியில சொல்றேன்.

நீங்க தூத்துக்குடியில இருந்தே வர்றீங்களா? அப்ப எங்க அருப்புக்கோட்டை சங்கதி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருறாங்க.

என் பேரு சுந்தரமகாலிங்கம். முப்பத்தாறு வருசம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அச்சகம் வச்சிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீசு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம். வெறும் அச்சடிக்கிறவன்னு நெனச்சுறாதீங்க. வாசகம் பூராவும் நானே எழுதுறது. பத்துப் பேரு வர்ற கூட்டத்துக்கு ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’னு எழுதுனா இருவது பேரு வருவான். அந்தக் கை எனக்கு. இப்போ அச்சகத்த மூடிட்டேன். கை மட்டும் மூடல.

இப்ப நான் கடுந்தண்டனை கோரும் மக்கள் பேரியக்கத்தோட செயலாளர். பேரியக்கம்னா எத்தனை பேருன்னு கேட்டுறாதீங்க. ஒம்பது பேரு. அதுல ரெண்டு பேரு மகன் வீட்டோட கோயமுத்தூர் போயிட்டாங்க. ஆனா நோக்கம் பெருசு தம்பி. இந்த நாட்டுல திருடுனவன் பயப்படுறதில்ல, திருட்டுக் குடுத்தவன்தான் பயப்படுறான். ஏன்? தண்டனை பத்தல. அவ்வளவுதான் சங்கதி. இன்னைக்கு மதுரையில அமைச்சர் ஒருத்தர் விருந்தினர் மாளிகைக்கு வர்றாரு. பதினாலு கோரிக்கை, நேர்ல குடுக்கப் போறேன்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, என் வீட்டம்மா செயினு போனதுல ஆரம்பிச்சது.

அவ பேரு செண்பகவல்லி. முப்பது வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஒரு முட்டை கணக்கு தப்பாது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டா. எனக்கு நேர் எதிர்னு எங்க மச்சான் சொல்லுவாரு, அவருக்கு என்ன தெரியும். முந்தின வருசம் தை மாசம், காலையில ஆறு மணிக்குப் பால் வாங்கிட்டு வர்றா. ரெண்டாவது தெரு முக்குல பைக்குல வந்த ஒருத்தன் கழுத்துல கைய வச்சு தாலிச் செயின இழுத்துட்டான். இவ குப்புற விழுந்துட்டா. முழங்கால் சிராய்ப்பு, பால் பூராவும் ரோட்டுல.

இதுவரைக்கும் எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான். அதுக்கப்புறம் அவன் ஒரு காரியம் பண்ணிருக்கான் பாருங்க. கொஞ்ச தூரம் போனவன் வண்டிய நிப்பாட்டி, திரும்பி வந்து, குனிஞ்சு, “அம்மா, அடி பட்டுருச்சா?”ன்னு கேட்டிருக்கான். இவ அவன் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்திருக்கா. முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருந்துச்சாம். இவ பதில் சொல்றதுக்குள்ள போயிட்டான்.

எனக்கு என்னடா இதுன்னு ஆயிருச்சு. திருடன் வந்து நலம் விசாரிச்சான்னு போலீசுல எழுதிக் குடுத்தா கேஸ் நிக்குமா? அவங்களே சிரிப்பாங்க. ஸ்டேசன்ல புகார நான்தான் எழுதுனேன். இவ பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல எழுதுனேன். அந்த இடம் வந்தப்ப மட்டும் பேனாவ எடுத்துட்டேன். “திரும்பி வந்தத எழுதலையா?”ன்னா. “அது வேண்டாம் செண்பகம், வெயிட்டு குறைஞ்சிரும்”னேன். ஒரு நிமிசம் என்னப் பாத்தா. அப்புறம் கையெழுத்துப் போட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே இயக்கம் தொடங்கியாச்சு. மாவு மில்லு தனுஷ்கோடி அண்ணாச்சி தலைவர். நல்ல மனுசன், கோபம் மட்டும் ஜாஸ்தி. நம்ம கோரிக்கைப் பட்டியல்ல ஏழாவது பாத்தீங்கன்னா, செருப்புத் திருடுறவனுக்கு மூணு வருசம் கடுங்காவல். அது அண்ணாச்சி சேத்தது. சொக்கநாதர் கோயில் வாசல்ல புதுச் செருப்பு போயிருச்சு அவருக்கு. ஒம்பதாவது, மாங்கா மரத்துல கல் எறியறவனுக்கு. அதுவும் அவருதான். சரி, தலைவர்னா ரெண்டு கோரிக்கையாவது சொந்தமா வேணும்ல.

மொத நோட்டீசு அடிச்சோம். ‘பட்டப்பகலில் வழிப்பறி! மூன்றாண்டு தண்டனை வேண்டும்!’ காலை ஆறு மணி பட்டப்பகலான்னு செண்பகம் கேட்டா. வெளிச்சம் வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன.

நல்லா ஓடுச்சு நோட்டீசு. ஆனா தம்பி, இந்தத் தொழில்ல ஒண்ணு இருக்கு. மொத நோட்டீசையே ரெண்டாவது தடவையும் அடிச்சா ஒருத்தனும் கையில வாங்க மாட்டான். வாங்குனாலும் பஜ்ஜி எண்ணெய் பிழியத்தான் வாங்குவான். ரெண்டாவது நோட்டீசு மொத நோட்டீச விட ஒரு படி மேல நிக்கணும். கொடைவிழாவுல மொத வருசம் நையாண்டி மேளம்னா மறுவருசம் வாணவேடிக்கையும் வேணும்ல? அதே மாதிரிதான். ஊர்வலத்துக்கு அடிச்ச ரெண்டாவது நோட்டீசுல திருடுன ஆளு ரெண்டு பேரா ஆயிட்டாங்க. தண்டனையும் ஏழு வருசமாச்சு. பொதுக்கூட்டத்துக்கு அடிச்சது மூணாவது. ‘அரிவாளுடன் முகமூடிக் கும்பல்! தாலியைப் பறிகொடுத்த தாய் கண்ணீருடன் உரையாற்றுகிறார்! ஆயுள் தண்டனை ஒன்றே தீர்வு!’ அது சிவப்பு மையில.

என்ன சிரிக்கிறீங்க? ரெண்டு கலர் அச்சு தம்பி அது, லேசுப்பட்ட வேலையா?

மேடையில பேச வேண்டியத நானே எழுதிக் குடுத்தேன் செண்பகத்துக்கு. வாசிச்சுப் பாத்துட்டு, “முகமூடி யாரு போட்டா?”ன்னா. “இது கோர்ட்டு இல்ல செண்பகம், மேடை. கூட்டத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் தாளிக்கணும்”னேன். “நான் பாத்தது மூஞ்சி. அது இந்தத் தாள்ல எங்கயும் இல்லையே”ன்னா. “கண்ணீருடன்னு நோட்டீசுல போட்டாச்சு, வாசிக்கிறப்ப கொஞ்சம் குரல் தழுதழுக்கட்டும்”னு சொல்லி அனுப்புனேன். குரல் ஒண்ணும் தழுதழுக்கல. ரேசன் கடையில பேரு வாசிக்கிற மாதிரி வாசிச்சா. முகமூடின்ற இடத்துல மட்டும் நிறுத்தி, கீழ ஓரமா நின்ன என்ன ஒரு பார்வை பாத்துட்டு, வாசிச்சா. கைதட்டு அள்ளுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல போலீசு ஆளப் பிடிச்சிருச்சு. மாரிக்கனின்னு ஒரு பய, இருபத்தஞ்சு வயசு இருக்கும், லோடு ஏத்துற வேலை. செயின உருக்கிட்டான், அது போனது போனதுதான். ஜெயில்ல பத்துப் பேர வரிசையா நிக்க வச்சு அடையாளம் காட்டச் சொன்னாங்க. செண்பகம் நேராப் போயி அவன் முன்னாடி நின்னா. “வாயத் தெறப்பா”ன்னாளாம். பாதிப் பல்லு.

அப்படிப்பட்ட கேசு தம்பி! உறுதின்னா உறுதி, இதுக்கு மேல என்ன வேணும்?

கேஸ் நடந்தப்ப வாய்தாவுக்கு வாய்தா கறுப்பு பேட்ஜ் குத்திட்டு கோர்ட்டு வாசல்ல நிப்போம். வர்றவங்க போறவங்களுக்கு நோட்டீசு குடுப்போம். ஒரு நாள் சின்ன வயசு வக்கீல் பொண்ணு ஒண்ணு வந்து, “ஐயா, இது நீங்க எழுதுனதா? ரொம்ப நல்லா இருக்கே, முன்னாடி போட்டதும் இருக்கா?”ன்னுச்சு. இத்தனை வருசத்துல பழைய நோட்டீசு வேணும்னு கேட்ட மொத ஆளு! எனக்குச் சந்தோசம் தாங்கல. மறுநாளே மூணு நோட்டீசு, செண்பகம் மேடையில வாசிச்ச தாளு, எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கி, மேல அட்டை போட்டுத் தச்சே குடுத்தேன். பேரு கேட்டேன், முத்தரசின்னுச்சு. கீழ ‘அன்புடன்’னு கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பொண்ணுதான் அந்த மாரிக்கனிக்கு இலவச சட்ட உதவியில வாதாடுற வக்கீலுன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?

சாட்சி சொல்ல செண்பகம் கூண்டுல ஏறுனா. வெளுத்த நூல் சேலை, கழுத்துல மஞ்சக் கயிறு. உள்ளத உள்ளபடி சொன்னா. ஒருத்தன்தான் வந்தான், அரிவாள் இல்ல, திரும்பி வந்தான், அடி பட்டுருச்சான்னு கேட்டான், பல்லு உடைஞ்சிருந்துச்சு, அந்தா நிக்கிறான். நான் பின்னாடி உக்காந்து கேட்டுட்டே இருக்கேன். அவ்வளவு தெளிவா நானே எழுதியிருக்க முடியாது.

அந்தப் பொண்ணு எந்திரிச்சுச்சு. மெதுவாத்தான் கேட்டுச்சு, மரியாதையாத்தான் கேட்டுச்சு. அதச் சொல்லணும்.

“திரும்பி வந்து பேசினதா சொல்றீங்களேம்மா, போலீசுல குடுத்த புகார்ல அது இல்லையே?”

“சொன்னேன்மா. எழுதல.”

“யாரு எழுதுனது?”

“எங்க வீட்டுக்காரரு.”

அப்புறம் அந்த அட்டை போட்ட புத்தகத்த எடுத்துச்சு. நான் தச்சது. தூரத்துல இருந்தே தெரிஞ்சிருச்சு, நீல நூலு.

“முகமூடி போட்டிருந்தவன் பல்லு எப்படிம்மா தெரிஞ்சுச்சு?”

“முகமூடி இல்லம்மா.”

“மேடையில முகமூடின்னு வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன்.”

“இதுல எதும்மா பொய்? மேடையில சொன்னதா, இங்க சொல்றதா?”

“மேடையில சொன்னது.”

“ஊருக்கு முன்னாடி பொய் சொன்னவங்க, இங்க மட்டும் உண்மை சொல்றீங்கன்னு கோர்ட்டு எப்படிம்மா நம்பும்?”

செண்பகம் திரும்பி என்னப் பாத்தா. எனக்குப் பொறுக்கல தம்பி. எந்திரிச்சு நின்னுட்டேன். “ஐயா, அது நோட்டீசு பாஷை! அலைகடலெனத் திரண்டு வாரீர்னு போடுறோம், கடல் எங்க இருக்குன்னு யாராச்சும் கேக்குறாங்களா?”ன்னேன். ஜட்ஜு கண்ணாடியக் கழத்தி, “உக்காருங்க பெரியவரே”ன்னாரு. ஜனங்க சிரிச்சாங்க. அந்த மாரிக்கனிப் பய மட்டும் சிரிக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

தீர்ப்புல விடுதலை. சாட்சி தன் கூற்றில் நிலையாக இல்லை, அவர் சொல்வதை நம்பித் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல, சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. தமிழ்லதான் வாசிச்சாங்க. செண்பகத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில பாத்திரத்த எடுத்து வச்சுட்டு, அங்கனயே உக்காந்து அழுதா. செயினு போனப்பக் கூட அவ அழுகல தம்பி. முழங்கால்ல ஊசி போட்டப்ப அழுகல. “முப்பது வருசம் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டேன். கணக்கு ஆடிட்டுக்கு வந்த ஆபீசரு கூட என் வார்த்தையச் சந்தேகப்பட்டதில்ல. இன்னைக்கு எழுதி வாசிச்சுட்டாங்க, இவ சொல்றத நம்ப முடியாதுன்னு. எனக்குச் செயினும் வேண்டாம், அவன் ஜெயிலுக்குப் போகவும் வேண்டாம். நான் பாத்தத நான் பாத்தேன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்”னா. நாப்பத்தோரு வருசத்துல அவள அப்படிப் பாத்ததில்ல. அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல.

அப்பத்தான் தம்பி முடிவு பண்ணேன், இத விடக் கூடாதுன்னு. ஒரு உத்தமியோட வாக்க இப்படிக் கெடுத்துட்டாங்களே! எவன் கெடுத்தான்? சட்டத்துல ஓட்டை. வக்கீலுக்குப் பயமில்ல. யார் யாரோ எங்கெங்கயோ எழுதுனத எல்லாம் எடுத்துட்டு வந்து நல்ல சாட்சிய மடக்குறாங்க, கேக்குறதுக்கு ஆளில்ல.

எழுதுனது நான்தான், அதுக்கென்ன. நான் என்ன கோர்ட்டுக்கா எழுதுனேன்?

அன்னையில இருந்து செண்பகம் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல. நம்ம மனுவுலயும் போடல, காஸ் புத்தகத்துல கூட என்னத்தான் போடச் சொல்றா. கூட்டத்துக்கும் வர்றதில்ல. என்கூட பேசுவா, சாப்பாடு போடுவா, எல்லாம் அளவா. போன வாரம் நான் உக்காந்து எழுதிட்டு இருக்கேன். அவ கீரை ஆஞ்சுக்கிட்டே, “என்ன அது?”ன்னா. அவளா கேட்டது பல மாசத்துக்கு அப்புறம் அதான் மொத தடவை. பதினாலாவது கோரிக்கைன்னேன். “வாசிங்க, கேப்போம்”னா.

இருங்க, அப்படியே வாசிக்கிறேன். ‘பொய்யான தகவல்களைப் புனைந்து பரப்பி, உண்மையான சாட்சியின் வாக்கைக் கெடுத்து, குற்றவாளி தப்பிக்கக் காரணமாக இருப்பவர் எவராயினும், அவருக்கு ஈராண்டுக்குக் குறையாத கடுங்காவல் விதிக்க வேண்டும். ஜாமீன் கூடாது.’ எப்படி? அந்த வக்கீல் பொண்ண மனசுல வச்சுத்தான் எழுதுனேன்.

செண்பகம் கீரைய வச்சுட்டா. “எவராயினும்னா?”

“யாரா இருந்தாலும்.”

“அறுபது வயசுக்கு மேலன்னா?”

“வயசு என்ன வயசு? இப்படி வயசப் பாத்துப் பாத்து விட்டுத்தான் நாடு கெட்டுச்சு.”

“சொந்தக்காரங்களா இருந்தா?”

“சட்டத்துக்கு முன்னாடி சொந்தமாவது பந்தமாவது.”

“பேனாவக் குடுங்க”ன்னா. ஈரக்கைய முந்தானையில துடைச்சுட்டு, செண்பகவல்லின்னு முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டா. “இவ்வளவு நாள்ல இது ஒண்ணுதான் உள்ளபடி எழுதியிருக்கீங்க”ன்னா. சிரிச்சா தம்பி. ஒரு வருசமாச்சு அவ சிரிச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாருங்க, இந்தா இருக்கு கையெழுத்து, இந்தப் பச்சை மை.

அதுல இருந்து வீட்டுல எல்லாம் பழையபடி ஆயிருச்சு. இன்னைக்கு மதுரை போறேன்னதும் விடியக்காலமே எந்திரிச்சு அவளே பையக் கட்டிட்டா. பாருங்களேன், நாலு வேட்டி. ரெண்டு துண்டு. பல்பொடி. சுகர் மாத்திரை மூணு மாசத்துக்கு. ஊறுகாய் பாட்டிலு ஒண்ணு. சாயங்காலம் வந்துருவேன் செண்பகம்னேன். “அமைச்சரு உடனே சட்டம் போட்டுட்டார்னா?”ன்னா. அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு நம்ம இயக்கத்து மேல!

செருப்ப மாட்டுறப்ப வாசல் வரைக்கும் வந்தா. “ஏங்க, அந்த ரெண்டு வருசம் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது. ஆறு மாசமாக் குறைச்சுக் கேளுங்களேன்”னா. ஏன்னேன். “நான் அதுவரைக்கும் ஒத்தையில இருக்கணும்ல”ன்னா.

இதுல இவ ஒத்தையில இருக்குறது எங்க தம்பி வருது? அந்த வக்கீல் பொண்ணு உள்ள போனா இவளுக்கென்ன? இளகுன மனசு, வேறென்ன சொல்ல. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல. “ரெண்டுன்னா ரெண்டுதான் செண்பகம். ஒரு நாள் குறையக் கூடாது”ன்னு கறாராச் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தா. அப்புறம் சரின்னு உள்ள போயி, அவ போத்திக்கிற கம்பளியக் கொண்டாந்து மடிச்சு, ஜிப்பு மூடாத அளவுக்கு அமுக்கித் திணிச்சா. அதான் தம்பி, பை இவ்வளவு கனம்.